ஏறாத ஹீமோகுளோபினும் நெருங்கி வரும் கல்யாணமும்

கேள்வி: எனக்கு வயது 26. தருமபுரி பக்கம் ஒரு கிராமம். எட்டாம் வகுப்பிலிருந்தே ‘ரத்தம் கம்மி’ என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை, டானிக், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். ஹீமோகுளோபின் பத்தரையைத் தாண்டியதே இல்லை. வரும் தையில் எனக்கும் என் மாமா மகனுக்கும் கல்யாணம். அதற்கு முன் ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடலாம் என்று போனேன். அங்கே புதிதாக வந்திருந்த மருத்துவர் எச்.பி.எல்.சி. என்று ஒரு பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ‘பீட்டா தலசீமியா டிரெய்ட்’ என்று வந்திருக்கிறது. இது ரத்தப் புற்றுநோயா? மாமா வீட்டில் சொன்னால் கல்யாணம் நின்றுவிடுமோ என்று அம்மா அழுகிறார். மரபணுவைத் திருத்தும் சிகிச்சை வந்துவிட்டதாக யூடியூபில் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்பே அதைச் செய்து இதைச் சரிசெய்துகொள்ள முடியுமா? ரிப்போர்ட்டுகளை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் அம்மாவைச் சமாதானப்படுத்துங்கள். இது புற்றுநோய் இல்லை. பிறந்த அன்றே உங்களோடு வந்தது. இன்று இருப்பதுபோலத்தான் எழுபது வயதிலும் இருக்கும். நாளடைவில் முற்றி, வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டிய ‘தலசீமியா மேஜர்’ என்ற நோயாக ஆகிவிடாது. ஆயுள் குறையாது. தலசீமியா டிரெய்ட் உள்ளவரை நாங்கள் நோயாளி என்று சொல்வதில்லை, ‘கேரியர்’ என்கிறோம். இந்தியாவில் நூறு பேரில் மூன்று நான்கு பேர் இப்படி இருக்கிறார்கள் என்பது அரசு வழிகாட்டுதல்களில் உள்ள கணக்கு. அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது.

சரி, உங்கள் ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். ஹீமோகுளோபின் 10.4. எம்.சி.வி. 62. சிவப்பணு எண்ணிக்கை 5.6 மில்லியன். ஃபெரிட்டின் 52. இந்த நான்கு எண்களையும் ஒரே பார்வையில் பார்த்திருந்தால் உங்களுக்கு இத்தனை வருட டானிக் தேவைப்பட்டிருக்காது.

எம்.சி.வி. என்பது ஒரு சிவப்பணுவின் சராசரிக் கொள்ளளவு. 80 முதல் 100 வரை இருக்க வேண்டியது உங்களுக்கு 62. அணுக்கள் சிறுத்திருக்கின்றன. இரும்புச்சத்துக் குறைந்தாலும் அணுக்கள் சிறுக்கும் என்பதால், நம் ஊரில் எம்.சி.வி. குறைவு என்றதும் கை தானாக இரும்பு மாத்திரையை எழுதிவிடுகிறது. பத்தில் பல முறை அது சரியாகவும் போய்விடும். நம் பெண்களில் இரும்புக் குறைபாடு அவ்வளவு அதிகம். ஆனால் இரும்பு இல்லாமல் ஒருவருக்கு எம்.சி.வி. 62 வரை இறங்கியிருந்தால், அவருடைய ஹீமோகுளோபின் ஏழு பக்கம் கிடக்கும், சிவப்பணு எண்ணிக்கையும் நாலு மில்லியனுக்குக் கீழே போயிருக்கும். மாவு தட்டுப்பாடான வீட்டில் தோசையைச் சின்னச் சின்னதாக ஊற்றி எண்ணிக்கையைக் கூட்டுவதுபோல, ரத்த அணுக்களை உண்டாக்கும் உங்கள் எலும்பு மஜ்ஜையோ அணுக்களைச் சிறியதாகச் செய்து எண்ணிக்கையை 5.6-க்கு ஏற்றி வைத்திருக்கிறது. எம்.சி.வி.யை இந்த எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்: 62-ஐ 5.6-ஆல் வகுத்தால் 11. பதின்மூன்றுக்குக் கீழே வந்தால் தலசீமியா டிரெய்ட்டைச் சந்தேகிக்கச் சொல்லி மென்ட்ஸர் என்ற மருத்துவர் 1973-இல் எழுதினார். இது முடிவான பரிசோதனை இல்லை, சில நேரம் தவறும். ஆனால் இதற்குத் தேவை ஒரு கால்குலேட்டர் மட்டுந்தான், அதுவும் இன்று எல்லார் ஃபோனிலும் இருக்கிறது. இருந்தும் ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் வரியைத் தாண்டி யாரும் கீழே படிப்பதில்லை என்பது என் நெடுநாள் எரிச்சல்.

ஃபெரிட்டின் 52 என்றால் இரும்பு இருப்பு போதுமான அளவு இருக்கிறது. எச்.பி.எல்.சி. என்பது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் பரிசோதனை. அதில் எச்பிஏ2 என்ற வகை உங்களுக்கு 5.3 சதவீதம். சாதாரணமாக அது 2-லிருந்து 3.3 வரை இருக்கும். பீட்டா தலசீமியா கேரியர்களுக்கு 4-லிருந்து 6 வரை போகும். ஆகவே உங்கள் விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. புதிதாக வந்த அந்த மருத்துவருக்கு நன்றி சொல்லுங்கள்.

இரும்பு மாத்திரையை இப்போது நிறுத்திவிடலாம். காரணமில்லாமல் வருடக்கணக்கில் இரும்பு விழுங்குவதால் மலச்சிக்கலைத் தவிர ஒரு பலனும் இல்லை, உடம்பில் தேவையில்லாமல் சேரவும் செய்யும். முருங்கைக்கீரையை நிறுத்த வேண்டாம், அது சாப்பாடு. அதற்காக ‘டிரெய்ட் உள்ளவர்கள் இரும்பே தொடக்கூடாது’ என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். உங்களுக்கும் மாதவிடாய் அதிகமானாலோ, கர்ப்பத்திலோ இரும்பு உண்மையாகவே குறையலாம். அப்போது ஃபெரிட்டின் பார்த்து மாத்திரை எடுக்க வேண்டியதுதான். ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து எடுக்க வேண்டாம், அவ்வளவே. இனி 10.4-தான் உங்கள் இயல்பு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். யாராவது அதை 13 ஆக்கித் தருகிறேன் என்றால் பர்ஸை மூடிக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். அடுத்துப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியவர் நீங்கள் இல்லை, உங்கள் மாமா மகன்.

ஏன் என்று சொல்கிறேன். ஹீமோகுளோபினில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகைப் புரதச் சங்கிலிகள் இருக்கின்றன. பீட்டாவுக்கான மரபணு 11-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என எல்லாருக்கும் இரண்டு. உங்களிடம் ஒன்று பழுது, இன்னொன்று நன்றாக வேலை செய்கிறது. கணவருக்கு இரண்டும் நல்லதாக இருந்தால், பிள்ளைகளில் சிலர் உங்களைப் போலக் கேரியராகப் பிறக்கலாம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவரும் கேரியராக இருந்தால்தான் சிக்கல். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்கு இரண்டு பழுதான மரபணுக்களும் போய்ச் சேரும். ‘ஒவ்வொரு கர்ப்பத்திலும்’ என்பதைக் கவனியுங்கள். முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைக்கு வராது என்று கணக்குப் போட்டுக்கொண்டு வரும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கு தவறு.

அப்படிப் பிறக்கும் குழந்தை முதல் சில மாதங்கள் கொழுகொழுவென்று இருக்கும். கருவில் இருக்கும்போது செய்த வேறு வகை ஹீமோகுளோபின் (பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி உள்ளது) அதுவரை தாங்கும். அது குறையக் குறைய, ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் குழந்தை வெளிறிப்போய், பால் குடிக்காமல், வயிறு உப்பி வரும். அப்புறம் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுக்க. ஒரு பை ரத்தத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடம்புக்குள் போகிறது. அதை வெளியேற்ற உடம்பில் வழி கிடையாது. அது இதயத்திலும் கல்லீரலிலும் ஹார்மோன் சுரப்பிகளிலும் படியும். அதை எடுக்கத் தினமும் டெஃபராசிராக்ஸ் போன்ற மாத்திரை. ஒழுங்காகச் செய்தால் இந்தக் குழந்தைகள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொள்கிறார்கள். ஆனால் அந்த ‘ஒழுங்காக’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் மொத்த வாழ்க்கையும் இருக்கிறது.

உங்கள் வருங்காலக் கணவர் சொந்தம் என்பதால் கணக்குச் சற்று மாறும். இந்த மரபணு உங்களுக்கு அம்மா வழியில் வந்திருந்தால், அம்மாவின் அண்ணனோ தம்பியோ ஆன உங்கள் மாமாவுக்கும் அது இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அவர் மகனுக்கு நான்கில் ஒன்று. அப்பா வழியில் வந்திருந்தால், மாமா மகன் இந்த விஷயத்தில் உங்களுக்கு அந்நியர் மாதிரிதான், ஊரில் யாருக்கும் உள்ள வாய்ப்பே அவருக்கும்.

அவருக்கு வெறும் சி.பி.சி. (ரத்த அணுக்களை எண்ணும் சாதாரணப் பரிசோதனை) எடுத்து ‘எல்லாம் நார்மல்’ என்று விட்டுவிடாதீர்கள். எச்.பி.எல்.சி. கட்டாயம் வேண்டும். காரணம் இருக்கிறது. பீட்டா தலசீமியாவோடு சேர்ந்தால் தொந்தரவு தரும் வேறு ஹீமோகுளோபின்களும் உண்டு. சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளையும் பரம்பரை நோய் ஒன்று உண்டு, அரிவாள் செல் நோய் என்று பெயர். அந்த மரபணுவை ஒன்று மட்டும் சுமப்பவருக்கு ஹீமோகுளோபினும் எம்.சி.வி.யும் அச்சு அசலாக நார்மலாக இருக்கும், சி.பி.சி.யில் அவர் பிடிபடவே மாட்டார். ஆனால் அவருடைய மரபணு ஒன்றும் உங்களுடையது ஒன்றும் ஒரு குழந்தையிடம் சேர்ந்தால், அது அரிவாள் செல் நோயாகவே வெளிப்படும். இது எங்கோ ஆப்பிரிக்காவின் சங்கதி என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலில் கண்டறியப்பட்டதே நம் நீலகிரியில்தான். லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள பழங்குடி மக்களிடம் அதைக் கண்டு 1952-இல் எழுதினார்கள். ஒன்றிய அரசு 2023 ஜூலையில் தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தின் பட்டியலில் உள்ள 17 மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு.

ஆசைக்கு ஒரு சின்னச் செய்தி. இந்தப் பழுதான மரபணுக்கள் ஏன் இத்தனை பேரிடம் தங்கின என்ற கேள்விக்கு முதலில் நல்ல பதில் சொன்னவர் பிரிட்டிஷ் மரபியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன், 1957-இல் இந்தியாவுக்கே வந்து குடியேறி, புவனேஸ்வரில் காலமானாரே, அவர்தான். தலசீமியா கேரியர்களின் அணுக்கள் சிறியவை, உப்பு குறைந்த நீரில் போட்டாலும் சீக்கிரம் வெடிக்காதவை, ஒருவேளை மலேரியாக் கிருமியையும் அவை தாக்குப்பிடிக்கலாம் என்று 1949-இல் எழுதினார். அவர் குறிப்பிட்ட அந்த ‘வெடிக்காத’ குணத்தை வைத்தே இன்று நம் கிராம முகாம்களில் ஒரு மலிவான பரிசோதனை நடக்கிறது. நெஸ்ட்ராஃப் என்று பெயர். 0.36 சதவீத உப்புநீர் உள்ள கண்ணாடிக் குழாயில் ஒரு சொட்டு ரத்தம் விட்டு அரை மணி நேரம் வைப்பார்கள். பின்னால் கறுப்புக் கோடு போட்ட வெள்ளைத் தாளைப் பிடிப்பார்கள். சாதாரண அணுக்கள் வெடித்துக் கரைந்துவிடும், நீர் தெளிந்து கோடு பளிச்சென்று தெரியும். உங்கள் ரத்தத்தை விட்டால் அணுக்கள் அப்படியே மிதக்கும், நீர் கலங்கியிருக்கும், கோடு தெரியாது. கல்யாண வீட்டில் கூடும் மொத்தச் சொந்தத்தையும் ஒரே காலையில் பார்த்துவிடலாம்! ஆனால் இது சலித்தெடுக்க மட்டும். மாமா மகனுக்கு நேராக எச்.பி.எல்.சி.யே செய்யுங்கள்.

அவரும் கேரியர் என்று வந்தால் கல்யாணத்தை நிறுத்த வேண்டுமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அது நீங்கள் இருவரும் எடுக்க வேண்டிய முடிவு. சைப்ரஸ் தீவில் ஏழில் ஒருவர் கேரியர். 1970-களில் தொடங்கி அங்கே கல்யாணத்துக்கு முன் பரிசோதனை வழக்கமாயிற்று. பாதிப்புள்ள குழந்தைப் பிறப்பு ஏறக்குறைய நின்றே போனது. பரிசோதனையில் இருவரும் கேரியர் என்று தெரிந்த ஜோடிகளில் பெரும்பாலோர் பிரிந்துவிடவில்லை. கல்யாணம் செய்துகொண்டு, கர்ப்பத்தில் பரிசோதனை செய்துகொண்டார்கள்.

அந்தப் பரிசோதனை இங்கேயும் உண்டு. கர்ப்பத்தின் 11-ஆவது வாரத்திலிருந்து நஞ்சுக்கொடித் திசுவில் சிறிதளவு எடுத்து மரபணுவைப் பார்ப்பார்கள். அதற்கு முன் உங்கள் இருவரிடமும் உள்ள பழுது எந்த இடத்தில் என்று தெரிந்திருக்க வேண்டும், அதனால் இந்த வேலையைக் கர்ப்பம் தரிக்கும் முன்பே முடித்துக்கொள்வது நல்லது. இந்தியாவில் ஐந்தாறு வகைப் பழுதுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதால் கண்டுபிடிப்பது பொதுவாகக் கடினமில்லை. ‘ஸ்கேன் சட்டத்தில் மாட்டிக்கொள்வோமா’ என்று சிலர் கேட்பார்கள். ஆணா பெண்ணா என்று பார்ப்பதுதான் குற்றம். ஹீமோகுளோபின் கோளாறு உண்டா என்று பதிவுபெற்ற மையத்தில் பார்க்க அந்தச் சட்டமே இடம் தருகிறது.

இனி யூடியூபில் பார்த்த மரபணுத் திருத்தம். செய்தி உண்மைதான், நல்ல செய்தியும்கூட. 1948-இலேயே ஜேனட் வாட்சன் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், அரிவாள் செல் உள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு முதல் மாதங்களில் தொந்தரவு வராததைக் கவனித்து, கருக்கால ஹீமோகுளோபின்தான் அவர்களைக் காக்கிறது என்று எழுதினார். அந்த ஹீமோகுளோபினைப் பிறந்த பிறகு அணைப்பது எது என்று தெரிய அறுபது ஆண்டு ஆயிற்று. பி.சி.எல்.11ஏ என்ற புரதத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு என்று 2008-இல் விஜய் சங்கரனும் ஸ்டூவர்ட் ஆர்கினும் உள்ளிட்ட பாஸ்டன் குழுவினர் காட்டினார்கள். அந்தப் புரதத்தை ரத்த அணுக்களில் மட்டும் அடக்கிவிட்டால் கருக்கால ஹீமோகுளோபின் திரும்ப வரும். கிறிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் இதைச் செய்யும் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் முதலில் அனுமதி தந்தது. அதன் ஆய்வில், தொடர்ந்து கவனிக்கப்பட்ட 35 தலசீமியா நோயாளிகளில் 32 பேர் ஓராண்டுக்குக் குறையாமல் ரத்தம் ஏற்றாமல் இருந்தார்கள். வாழ்நாளெல்லாம் மாதம் தவறாமல் ஊசியோடு இருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனால் சகோதரி, அது உங்களுக்கான சிகிச்சை இல்லை. உங்களுக்குச் சிகிச்சையே தேவையில்லை என்பது முதல் காரணம். இரண்டாவது காரணத்தை அந்த வீடியோவில் சொல்லியிருக்க மாட்டார்கள். திருத்துவது மஜ்ஜையில் உள்ள ரத்த மூல அணுக்களை மட்டுந்தான். கருமுட்டையில் உள்ள மரபணு பழையபடியே இருக்கும். சிகிச்சை எடுத்துக்கொண்டவருடைய ரத்தம் மாறலாம்; பிள்ளைக்குப் போவது அதே பழைய மரபணுதான். மூன்றாவது, திருத்திய அணுக்களை ஏற்றும் முன் பழைய மஜ்ஜையைக் கடுமையான கீமோதெரபியால் அழிக்க வேண்டும். அது கருத்தரிக்கும் திறனையே பாதிக்கக்கூடியது. பிள்ளைக்காகச் செய்யப்போய்ப் பிள்ளையே இல்லாமல் போய்விடலாம். விலையைச் சொல்லாமல் விட்டேனே: அமெரிக்காவில் 22 லட்சம் டாலர், நம் பணத்தில் 18 கோடிக்கு மேல்.

பாதிப்புள்ள குழந்தைகளுக்கு இன்று நம் கைக்கு எட்டும் தூரத்தில் உள்ள நிரந்தரத் தீர்வு மஜ்ஜை மாற்றுதான். வேலூர் சி.எம்.சி.யில் 1986-இல் செய்த முதல் மஜ்ஜை மாற்றே ஒரு தலசீமியா நோயாளிக்குத்தான். உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்த வேண்டும், இரும்பு படிந்து கல்லீரல் கெடும் முன் செய்ய வேண்டும். கோல் இந்தியா நிறுவனத்தின் உதவியோடு 2017 முதல் நடக்கும் ஒன்றிய அரசுத் திட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. உங்களுக்கு இது தேவைப்படாது என்றே நம்புகிறேன், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா வீட்டில் எப்படிச் சொல்வது? மறைக்காதீர்கள், ஆனால் வரிசையாகச் செய்யுங்கள். முதலில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எச்.பி.எல்.சி. எடுங்கள். அம்மாதான் கேரியர் என்று வந்தால் பேச்சே வேறாகிவிடும். அது மாமா பிறந்த குடும்பத்திலும் ஓடுகிற சங்கதி, ‘பெண்ணுக்குக் குறை’ என்று யாரும் வாய் திறக்க முடியாது. அத்தை முகம் சுளித்தால் மாமாவையும் ஒரு பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். அப்பா வழி என்றால், மாமா மகனிடம் நீங்களே நேராகப் பேசுங்கள். பெரியவர்கள் வழியாகப் போனால் ‘டிரெய்ட்’ என்பது இரண்டு வீடு தாண்டுவதற்குள் ‘ரத்தத்துல கேன்சராம்’ ஆகிவிடும். உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் கல்யாணப் பேச்சு எடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

மாமா மகனுடைய ரிப்போர்ட்டில் எச்பிஏ2 3.4, 3.6 என்று ரெண்டுங்கெட்டானாக நின்றால் ‘நார்மல்’ என்று யாரையும் முடிவு சொல்ல விடாதீர்கள். அவருக்கு இரும்புக் குறைபாடு இருந்தால் அந்த எண் கீழே இறங்கிக் கண்ணை ஏமாற்றும். சில லேசான பழுதுகளிலும் அது உயராது. ஃபெரிட்டின் பார்த்து, குறைந்திருந்தால் சரிசெய்து திரும்ப எடுக்க வேண்டும். அப்போதும் தெளியாவிட்டால் பீட்டா மரபணுவையே டி.என்.ஏ. பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதற்குச் சில வாரம் பிடிக்கும். தைக்கு இன்னும் நாள் இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.